அப்பாவின் மூக்குத் தழும்பு

அப்பாவின் மூக்குத் தண்டில், கண்ணாடி போடுகிறவர்களுக்குத் தடம் படியும் இடத்தில், கறுத்த தழும்பு ஒன்று இருந்தது. அவர் கண்ணாடி போட்டவர் இல்லை; மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவர். எழுபது வயதுக்கு மேல் நெஞ்சு கெட்டுப்போய், பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காற்றைத் தள்ளும் மெஷினோடு கிடந்தபோது, ரப்பர் மாஸ்க் அழுத்திப் புண்ணாகி ஆறிய தழும்பு அது.

அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் என் அம்மா. இளையவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவேன். கூப்பிடும்போதே எனக்கு வயிறு எரியும். அம்மாவிடம் “சோறு போடு” என்பார் அப்பா. சின்னம்மாவிடம் “நீ சாப்பிட்டியா?” என்று கேட்பார். இந்த ஒரு வித்தியாசத்தை வருஷக்கணக்காக மென்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலும் இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த போட்டி நிற்கவில்லை. “மாஸ்க் போடறதுக்கு முன்னாடி வயிறு முட்ட குடுக்காதீங்கம்மா. சில பேருக்குக் காத்து வயித்துக்குள்ள போயிடும். அபூர்வமாத்தான் ஆவும். ஆனா வாந்தி வந்து மூச்சுக்குழாய்ல போச்சுன்னா ஆள் தங்கமாட்டாரு” என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஒரு டம்ளர் கஞ்சிதான் அனுமதி. அன்றைக்கு அம்மா அதைக் கொடுத்துவிட்டாள். அவளும் நானும் பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போன நேரத்தில், பஸ்ஸில் வந்து இறங்கிய சின்னம்மா, கொண்டுவந்த மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டியிருக்கிறாள். சாப்பிட்டாயிற்று என்று அப்பா சொல்லவில்லை. அவள் கொடுத்ததை அவர் என்றைக்கு வேண்டாம் என்றார்?

நர்ஸம்மா வந்து மாஸ்க்கைக் கட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நாங்கள் திரும்பிவந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வயிறு மத்தளமாக உப்பியது. கண் செருகியது. மாஸ்க்குக்குள் மீன்குழம்புச் சோறு பொங்கி வந்தது. அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் கத்தினேன், அவ்வளவுதான். சின்னம்மாதான் பாய்ந்து பட்டையை அவிழ்த்து, அவரை ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்து வழித்துப் போட்டாள். நர்ஸம்மா ஓடிவருவதற்குள் அவருக்கு மூச்சு திரும்பியிருந்தது. “நீ ஊட்டினதாலதான இப்படி ஆச்சு!” என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், சோறும் எச்சிலும் வழிந்த அந்தக் கையை.

அதற்குப் பிறகும் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் அப்பா போனார். அம்மாவும் போய்விட்டாள். சின்னம்மா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் நெஞ்சு கெட்டு, தினமும் மாஸ்க். நான்தான் மாட்டிவிடுகிறேன், நான்தான் சாப்பாட்டை அளந்து கொடுக்கிறேன். நேற்று கழற்றும்போது அவள் மூக்குத் தண்டில் கறுத்த தடம் தெரிந்தது. மருந்து தடவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

“இருக்கட்டும் பாப்பா. உங்கப்பாவுக்கும் இங்கதான இருந்துச்சி” என்று சொல்லி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தடத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அப்பா பெற்ற மகள் நான். அவர் தழும்பும் அவளுக்குத்தான் கிடைத்தது.