சத்தம் குறைத்துப் போட்ட படங்கள்

வீடியோ டெக்கும் டிவியும் கொண்டுபோய் வீடு வீடாகப் படம் போடுகிறவனைப்போல் படத்தின்மேல் எரிச்சல் பிடித்தவன் உலகத்தில் இல்லை. ஒரே படத்தை ஏழு வீட்டு வளவில் பார்த்திருந்தால், என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

ஆரையம்பதியில் கரண்ட் இல்லாத சண்டைக்காலம். டெக் என்னுடையது, ஜெனரேட்டர் அக்காவின் புருஷன், என் மச்சானுடையது. ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில், ஆளைக் காட்டிக்கொடுக்கச் சாக்கால் முகம் மூடிக் கொண்டுவந்த தலையாட்டி தலையை ஆட்ட, மச்சானை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அவர் போனதிலிருந்து ஜெனரேட்டரோடு அக்காதான் வந்தா. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதும் அவதான். மச்சானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கக் கையெழுத்துப் போடச் சொல்லி ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் அவவை அரித்துக்கொண்டிருந்தார். அக்கா மாட்டன் என்று நின்றா.

சண்டைப்படம்

ஒற்றைத் துவக்கால் நாற்பது பேரைச் சுடுகிறான் நாயகன். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. எடுத்தவன் வெடிச் சத்தத்தைத் தூரத்திலாவது கேட்டிருந்தால் இப்படி எடுப்பானா? சண்டை வந்தால் சத்தத்தைக் குறைப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஒரு பெட்டை பெரியவளான சாமத்தியவீட்டில் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மறந்துபோனேன். பக்கத்து வளவுச் சனம் நிசச் சண்டை என்று அடுப்பில் சோற்றை விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடிவிட்டது.

கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். பக்கத்து வளவு வீட்டுக்காரி, கைப்பிள்ளையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, திரையைக் கொஞ்சநேரம் பார்த்தா. "சூடு பட்ட ஒருத்தனும் தண்ணி கேக்கல்லியே தம்பி, இதென்ன சண்டை?"

காதல் படம்

ஒரு பாட்டுக்குள் ஆறு நாடு. பனியில் நாயகிக்கு மெல்லிய சேலை, நாயகனுக்குக் கம்பளிக் கோட்டு, வெட்கம் கெட்டவர்கள். ஆற்றுக்கு அக்கரை, படுவான்கரையில் கலியாணம் பேசியிருந்த ஒரு பெட்டை எழும்பிப் போனாள். "நான் தோணியில ஆத்தக் கடக்க மூண்டு இடத்தில மறிச்சுக் கேள்வி கேக்கிறாங்க."

பேய்ப்படம்

வெள்ளைச் சேலை, சலங்கை, நாய் ஊளை. மூன்று மணித்தியாலம் ஒரு சின்னப்பிள்ளைகூடப் பயப்படவில்லை. பயம் என்றால் என்னவென்று எங்களுக்குப் படிப்பிக்க வந்துவிட்டார்கள். நான் திட்டிக்கொண்டு வயரைச் சுற்றினேன். அக்கா ஜெனரேட்டரைத் துடைத்தபடி சொன்னா: "பேய் நல்லந்தானேடா. வாசல்ல நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுகுது, சாக்கப் போட்டுக்கொண்டு வரல்ல."

குடும்பப் படம்

புதுக் கசெற், நானும் முன்னம் பார்க்கவில்லை. விதானையார் வீட்டில், மத்தியானம். படத்தில், கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிச் செத்தவன் என்று முடிவு கட்டுகிறார்கள். பின்னணியில் வயலின் வேறு. அவள் ஒரு சொல் பேசாமல் பொட்டை அழிக்கக் கை தூக்குகிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு டிவியை உடைத்திருப்பேன். அதற்குள் திரை கறுத்துப்போனது.

ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு அக்கா எழும்பி நின்றா. சனம் முணுமுணுத்தது. விதானையார் கதிரையை விட்டு எழும்பாமல், "பிள்ளை, போடு. முடிவு தெரியாம எப்பிடி இருக்கிறது?" என்றார்.

அக்கா கயிற்றைச் சுருட்டி மடிக்குள் வைத்தா. குரல் உயரவில்லை. "ரெண்டு வருஷமா நான் இருக்கன் ஐயா. நீங்க இண்டைக்கு ஒரு நாள் இருந்து பாருங்க."

முடிவு நல்லம் என்று நான் ஆருக்கும் சொல்லுகிற ஒரே படம் அதுதான், அந்த முடிவை நான் இன்னும் பார்க்கவில்லை.