ஓரத்தில் இருந்த ஹெட்போன்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், திருவனந்தபுரத்தில் பாட்காஸ்ட் செய்பவர்களுக்காக ஒரு விழா நடந்தது. போவதா வேண்டாமா என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நான் அதே ஊரில், கரமனையில் தனியாக இருக்கிறேன். பள்ளிக்கூடம் முதல் அலுவலகம் வரை எனக்கு எல்லாமே மலையாளம்தான். வீட்டில் அம்மாவோடு மட்டும் தமிழ். அம்மா போன பிறகு அதுவும் நின்றுபோனது. தமிழே மறந்துவிடுமோ என்ற பயத்தில்தான், ‘சாலை’ என்று பெயர்கொண்ட எங்கள் ஊர்ப் பழைய கடைத்தெருவைப் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தேன். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

துணைக்கு இருந்தவை, பாட்காஸ்ட் செய்வது எப்படி என்று மின்னஞ்சலில் வரும் நியூஸ்லெட்டர்கள். எடுத்த எடுப்பிலேயே ஆளை இழு, தயக்கத்தை வெட்டு என்று ஓயாமல் புத்தி சொல்லும். நானும் வெட்டினேன். போதாததற்கு, பேச்சில் ‘ஆனால்’ என்பதற்கு ஒரு ‘பக்‌ஷே’யோ ‘இல்லையா’ என்பதற்கு ஓர் ‘அல்லே’யோ வந்துவிட்டால், தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்களே என்று அந்த வரியையே மறுபடி பதிவு செய்வேன். கடைசியில், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அலுத்துப்போய்த்தான் விழாவுக்குக் கிளம்பினேன். அங்கேயும் ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் அன்றோடு நிறுத்திவிடுவது என்று முடிவு.

அங்கே நீளமான மேசையில் வரிசையாக ஹெட்போன்கள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பாட்காஸ்ட். என்னுடையது கடைசி ஓரத்தில். வந்தவர்கள் எல்லோரும் நண்பர்களோடு வந்திருந்தார்கள். நான் மட்டும் தூண் பக்கத்தில் நின்று என் ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து நிற்கும் தகப்பன் மாதிரி இருந்தது. மதியம் தாண்டியும் ஒரு கை அதைத் தொடவில்லை. மனசு ரொம்ப வலித்தது.

சாயங்காலம், சரி கிளம்பலாம் என்று மேசைப் பக்கம் போனால், ஒரு பெண் அதை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பமாம். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் கழற்றினார். அது என்னுடையது என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணா. பக்‌ஷே, நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கு. வீட்லயும் இப்படியா பேசுவீங்க?”

“வீட்ல பேச ஆளில்ல” என்றேன். யாரிடமும் சொல்லாதது, சட்டென்று வந்துவிட்டது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “அப்போ இங்க உக்காந்து பேசுங்க. சாயா குடிக்கலாம், அல்லே?”

பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினோம். நான் பாட்காஸ்டில் சொன்ன ஒரு பழைய கடை இருந்த இடம் தப்பு என்று சண்டைக்கே வந்துவிட்டார். நானும் விடவில்லை. அவ்வளவு சத்தமாகத் தமிழில் பேசி எத்தனை காலமாகியிருந்தது! மழை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. சாலையில் துணிக்கடை ஒன்றா இரண்டா, தேடிப் போக?

பாட்காஸ்டை நிறுத்தவில்லை. நியூஸ்லெட்டர்களும் வருகின்றன, படிக்கிறேன். வீடு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எத்தனை பேர் கேட்டார்கள் என்று இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. இத்தனை நாளும் நான் ஏங்கியது கேட்பதற்கு ஓர் ஆளுக்காக அல்ல, குறுக்கே பேச ஓர் ஆளுக்காக என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.