நெஞ்செரிவுக்கு மாங்காய்

எனக்கு நெஞ்செரிவு வந்ததுக்குச் சந்தோசப்பட்ட ஒரே மனிசி என்ர மாமிதான். இவரைக் கட்டி உருத்திரபுரத்துக்குப் போய் ஆறு வருசம், வயித்தில ஒண்டும் தங்கேல்லை. என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிப்போட்டு, ஸ்கந்தபுரத்தில ஒரு பெட்டையை இவருக்குச் செய்து வைக்க மாமி கதைச்சுக்கொண்டிருந்தா. அதுவும் எனக்குக் கேக்கத்தக்கதா. இவர் ஓமெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. சோத்தைப் பிசைஞ்சுகொண்டிருந்தார். இப்பிடியும் ஒரு ஆம்பிளை!

அந்த மாரியிலதான் நெஞ்சு பத்தி எரியத் தொடங்கிச்சு. குனிஞ்சு முத்தம் கூட்டினால் புளிச்ச தண்ணி தொண்டைக்கு வரும், ஓங்காளிச்சுச் சத்தியும் வரும். மாமி கண்டிட்டா. "நெஞ்செரிஞ்சால் வயித்துப் பிள்ளைக்குத் தலைமயிர் கனக்க!" எண்டு அயலெல்லாம் சொல்லித் திரிஞ்சா. நாள் தள்ளிப்போறது எனக்குப் புதுசில்லை மாமி எண்டன். ஆர் கேட்டது?

அண்டையில இருந்து நான் ராசாத்தி. பின்னேரம் மாங்காயும் உப்புத்தூளும். இரவில கோப்பை முட்டச் சோறு, புளிக்குழம்பு. திண்ட கையோட "படு பிள்ளை, ரெண்டு உயிர்" எண்டுவா. எனக்கு எரிவு கூடக்கூட அவாவுக்குச் சந்தோசமும் புளுகமும் கூடிச்சு. ஸ்கந்தபுரத்துக் கதை நிண்டுபோச்சு. நானும் எரிய எரியத் திண்டன். பிள்ளையாத்தான் இருக்குமோ எண்டு எனக்கும் ஆசைதானே.

ஒருநாள் சத்தியில ரத்தம் கீறினாப்போல தெரிய, மாமி என்னை ஆஸ்பத்திரிக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனா. டொக்டர் வயித்தை அமத்திப் பாத்தார், சோதிச்சார்.

"பிள்ளையில்லை, தங்கச்சி. இரைப்பைப் புளி மேல வருது. புளி, மிளகாய்த்தூள், வெறுந்தேத்தண்ணியைக் குறையுங்கோ. கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடுங்கோ, சாப்பிட்ட உடன படுக்காதேங்கோ. கட்டில் தலைமாட்டுக் காலுக்குக் கல்லு வையுங்கோ."

மருந்துத் தட்டுப்பாடு. எரிஞ்சால் சப்பச் சொல்லி ஒரு கடுதாசிச் சரை குளிசைதான் தந்தார்.

வரிசையில நிண்ட சனத்துக்கு முன்னால மாமி சொன்னா: "ஆறு வருசமாச் சோத்தைப் போட்டுப் புளிச்ச தண்ணியைத்தான் வளத்திருக்கிறன்."

வீட்டை வந்து நான் தலைமாட்டுக்கு வைச்ச ரெண்டு கல்லையும் மாமி அடுத்தநாளே உருவினா. ஸ்கந்தபுரத்தில இருந்து வாறவளுக்கு அடுப்புக் கட்ட வேணுமாம். நான் டொக்டர் சொன்னபடி திண்டு, தலைமாட்டுக்கு நெல்லுமூட்டையை வைச்சுப் படுத்தன். எரிவு அடங்கிச்சு, வயிறுதான் எரிஞ்சுது.

ஸ்கந்தபுரத்தார் பேசி முடிக்க வந்த அண்டைக்குச் சமைச்சதும் நான்தான். மாமி ஆட்டுக்கறியை ஒரு பிடி பிடிச்சுப்போட்டுப் பாயில சரிஞ்சா. கொஞ்சத்தால நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினா. புளிச்ச ஏப்பம், வாயெல்லாம் தண்ணி.

"பிள்ளை, எரியுது. உன்ர குளிசையில ஒண்டு தா."

"நல்ல சங்கதி மாமி! பிள்ளைக்குத் தலைமயிர் கனக்க. மாங்காய் வெட்டித் தரட்டே?"

அப்பதான் இவர் வாயைத் திறந்தார். "அம்மா பாவம், ஒண்டைக் குடன்."

அவ்வளவு நாளும் எனக்காக ஒரு சொல்லு வராத வாய் அது.

சரையில கடைசிக் குளிசை இருந்தது. ரெண்டுபேரும் பாத்துக்கொண்டிருக்க, என்ர வாயில போட்டுச் சப்பினன். பிறகு உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையால அம்மா வீட்டை நடந்தன்.