திருப்பத்தில் கேட்ட கூவல்

எங்கள் கொல்லிமலைப் பாதைகளில் ஒரு வழக்கம் உண்டு. தலையில் பாரத்தோடு இறங்குகிறவர், திருப்பம் வருமுன்பே குரல் கொடுத்துவிட வேண்டும். "ஓஓய்! பாரம் வருதோய்!" கீழிருந்து ஏறி வருகிறவர், யாரென்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல், மலையை ஒட்டி ஒதுங்கி நின்றுவிடுவார். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. நடக்கப் பழகும்போதே வாயும் பழகிவிடும்.

நான் திண்ணனூர் நாட்டில் பிறந்தவள். என்னைக் கட்டியவரும் மலைக்காரர்தான், எடப்புளி நாடு. ஆனால் மனிதர் சின்ன வயதிலேயே அடிவாரத்துக்கு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். கல்யாணமாகி நானும் அங்கேயே வந்து சேர்ந்தேன். வந்த புதிதில், வண்டி ஒரு திருப்பத்தை நெருங்கினால் போதும், கூவிவிடுவேன். அவருக்கு மானம் போய்விடும்.

"ஏம்புள்ள, இது ரோடு. இங்க கூவினா காட்டுச் சனம்னு சிரிப்பாங்க."

"ஆமாங்க, நீங்க மட்டும் சீமையில பொறந்தீங்களாக்கும்!" என்பேன். கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் கட்டியவர் தலைகுனிய வேண்டாமென்று கூவுவதை விட்டுவிட்டேன்.

அது யுத்த காலம். சந்தை நாளில் மட்டும் அடிவாரம் வரைக்கும் ஒரு பஸ் வந்து போகும். மிளகும் பலாவும் சுமந்து இறங்குகிற மலைச் சனம் அதில் ஏறிச் சந்தைக்குப் போகும். பஸ்ஸில் அடங்காத சுமைகளை எங்கள் வண்டி எடுத்துவரும். பெட்ரோலுக்குப் பஞ்சமான நேரம் என்பதால் அந்த டிரைவர் ஒரு வித்தை வைத்திருந்தார். இறக்கம் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு பஸ்ஸை அப்படியே உருள விடுவார். சத்தமே இருக்காது. ஹாரனின் ரப்பர் பந்து கிழிந்து மாதக்கணக்காகியிருந்தது. கேட்டால், "இந்த ரோடு எனக்கு அத்துப்படி" என்று மார்தட்டுவார்.

அன்று சந்தை நாள். சுமை ஏற்றிவர, காலையில் வெறும் வண்டியோடு மேட்டு ரோட்டில் அடிவாரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தோம். வண்டிக் கூண்டின் பின்பக்க மூங்கில் வளையில் தூளி கட்டி, கைக்குழந்தையாக இருந்த என் மகளைத் தூங்கப் போட்டிருந்தேன். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. தவமாய்த் தவமிருந்து தங்கிய பிள்ளை அவள். வண்டி நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் புளியமரத் திருப்பம். ஒரு பக்கம் மேட்டுக் கரை, மறுபக்கம் தாழ்வில் கம்பங்காடு.

"ஓஓய்! பாரம் வருதோய்!"

ஒரு குரல் அல்ல, பல குரல். திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

"ஏனுங்க, ஓரங்கட்டுங்க!" என்று கத்தினேன்.

"பைத்தியமா புள்ள உனக்கு? ரோட்டுல எவன் பாரஞ் சொமக்கிறான்?"

அவரோடு வாதாட எனக்குப் பொறுமை இல்லை. பாய்ந்து அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் கரைப்பக்கம் இழுத்தேன். மாடுகள் மிரண்டு கரையில் ஏறின, சக்கரமும் கூடவே ஏறியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. பூனை மாதிரி சத்தமில்லாமல், நாங்கள் அதுவரை போய்க்கொண்டிருந்த இடத்திலேயே வந்தது. கூண்டின் ஓரத்தைச் சீவிவிட்டு, ரோட்டை விட்டிறங்கிக் கம்பங்காட்டில் சாய்ந்து நின்றது.

தூளிக்கு அடுத்த மூங்கில் முறிந்து தொங்கியது. என் மகள் வீறிட்டு அழுதாள். அப்பாடா! அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்குப் பிறகும் கேட்டதில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். பலருக்குச் சிராய்ப்புதான், ஒருவருக்குக் கால் நசுங்கியிருந்தது. டிரைவரின் வலது கை முறிந்து தொங்கியது. அதைப் பார்த்தும் என் வாய் அடங்கவில்லை. "பாவி! நீ நாசமாப் போக! உனக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?"

"இருக்குதுங்க அம்மிணி" என்றார், தலையைத் தூக்காமல்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களிடம், யார் கூவியது என்று கேட்டேன். சிதறிய பலாப்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "யாருன்னு சொல்றது கண்ணு? திருப்பம் வந்துச்சு, எல்லாருந்தான் கூவினோம். 'இதென்ன காடா, வாய மூடுங்க'ன்னு டிரைவரு அதட்டினாரு. வாய் நிக்குமா?"

ஒருத்தராக இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். பஸ் நிறைய இருந்தார்களே! பொதுவாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்கள் பாட்டுக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றும் சாமிக்கு விளக்கேற்றும்போது முதலில் அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கால் நசுங்கியவரையும் டிரைவரையும் எங்கள் வண்டியிலேயே ஏற்றிக் காளப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்பினோம். அடுத்த திருப்பம் நெருங்கியதும் என் வீட்டுக்காரர் திரும்பி, என்னையும் மடியில் தூங்கிப்போயிருந்த மகளையும் பார்த்தார்.

"நீ கூவு புள்ள" என்றார்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவரே கூவினார். எத்தனை வருஷத்துப் பழக்கம் விட்டுப்போன குரல்! பாதியில் உடைந்தது. வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பேன்.

திருப்பத்தில் ஓர் ஈ காக்கை இல்லை. அதற்கடுத்த திருப்பத்திலும் அவர் கூவினார்.