நீல நூலும் ஒரு நாவல் கன்றும்

தொண்ணூறுகளின் கடைசியில் பன்னேருகட்டா காட்டில் விதைகளைப் புதைத்து எடுப்பது என் வேலை. நாட்டு மரங்களின் விதைகளை வலைப்பைகளில் போட்டுச் சருகுக்கு அடியில் வைப்போம். பிறகு தோண்டி, எது உயிரோடு இருக்கிறது, எது மக்கிப்போனது என்று பார்ப்போம். பைகளைத் தைத்துத் தந்தவர் என் கணவர். சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருந்தார். கொன்றைக்கு மஞ்சள், வேங்கைக்குச் சிவப்பு, நாவலுக்கு நீலம் என்று நைலான் நூலில் நிறம் பிரித்துத் தைப்பார். கல்யாணமான முதல் வருஷம் அது. கேட்காமலே எல்லாம் செய்வார். வம்பே அதில்தான் வந்தது.

காட்டில் பொறுக்கிய நாவல் விதைகளை ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பூசணம் பிடித்துவிடுமே என்று இவர் பதறிப்போய், அவற்றைக் கழுவி, அவருடைய அம்மா பூசணி விதைக்குச் செய்கிற மாதிரி சாம்பலில் புரட்டி, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துவிட்டார். பூசணிக்கு அது சரி. நாவல் விதை காய்ந்தால் செத்துவிடும். வந்து பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? அத்தனையும் செத்துப்போச்சு!"

ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "உயிரோடவா இருந்துச்சு? நானே கொன்னுட்டனா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வேலைக்கு வேறு விதை கிடைத்துவிட்டது. அவருக்குத்தான் மனசு ஆறவில்லை. காய்ந்த விதைகளைத் தொட்டியில் ஊன்றி, தினமும் கடைக்குக் கிளம்புமுன் தண்ணீர் ஊற்றினார். "ஒண்ணாவது பொழைக்காதா?" என்பார். முளைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த மாதம் பைகளைத் தோண்டினோம். கொன்றை விதைகள் போட்டபோதிருந்த மினுமினுப்போடு அப்படியே தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அவசரமே கிடையாது. வேங்கையில் பாதியைப் பூசணம் தின்றிருந்தது. சருகு விலகிய இடத்தில் நாவல் சுருங்கிக் கிடந்தது. ஈரச் சருகுக்கு அடியில் இருந்ததோ முளைவிட்டு, வலைக்கண்ணில் வேரை நுழைத்து மண்ணைப் பிடித்திருந்தது. எண்ணிக் குறித்தபின் அவற்றை எறிந்துவிடுவது வழக்கம். நான் ஒன்றை மட்டும் வலையிலிருந்து கத்தரித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து, அவர் குளிக்கிற நேரம் பார்த்துத் தொட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மாடியிலிருந்து ஒரே கூப்பாடு. "இங்க வா! ஒண்ணு பொழச்சிக்கிச்சு பாரு!"

"அதிசயமா இருக்கே!" என்றேன். அன்று விசிலடித்துக்கொண்டே கடைக்குப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கன்று இடுப்புயரம் வந்ததும் தெருவோரத்தில் குழி வெட்டினோம். தொட்டியை உடைத்தால், வேரைச் சுற்றி நீல நூல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரமாக மண்ணை அள்ளி மூடப்போனேன்.

"என் நூலு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "அன்னிக்குக் காலையிலயே மண்ணுக்கு மேல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ பாத்தா சங்கடப்படுவியேன்னு, உள்ள தள்ளி மூடிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."