வடை கேசட் பாய்

பாய் போய்விட்டார்.

இன்று காலை அவர் மகள் போனில் சொன்னாள். அருப்புக்கோட்டை பஜாரில் பாட்டு கேசட் பதிந்து கொடுத்தாரே, சிக்கந்தர் பாய்... அவர்தான். இப்படிச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'வடை கேசட் பாய்' என்றால் தெரிந்துவிடும்.

அந்த வடை என்னுடையது. அதனால் நான்தான் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. அவர் கடைக்கு எதிரே எங்கள் டீக்கடை. வீட்டுக்காரர் பாய்லர் பக்கம் நிற்பார், நான் வடைச் சட்டி பக்கம்.

ஒருநாள் கப்பலில் வேலை பார்க்கிற தூத்துக்குடிக்காரர் ஒருவர், மதுரை பஸ் வருகிற வரைக்கும் பாய் கடையில் வந்து உட்கார்ந்தார். பையில் ஒரு வெளிநாட்டு கேசட். அட்டை இல்லை, பேர் இல்லை.

போட்டதும் பஜாரே திரும்பிப் பார்த்தது. கிடார், டிரம்ஸ், கூடவே மார்பில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிக்கிற ஆர்மோனியப் பெட்டி. ஒரு வார்த்தை புரியவில்லை. கால் மட்டும் தானாக ஆடியது.

பாய்க்கு அதை விட மனசில்லை. அன்றைக்குப் பார்த்து பதிகிற வயர் பழுது. இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரும் புதிருமாக வைத்து, ஒன்றில் பாட விட்டு மற்றதில் பதிந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, இருமல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள் இரண்டு பேரும்.

இது எனக்குத் தெரியாது. அவர் கேட்ட வடை தட்டில் கிடக்கிறது. கதவைத் தள்ளி, "பாய்... வடை ஆறுது" என்றேன்.

பாய் தலையில் கை வைத்துவிட்டார். திரும்பப் பதிய நேரமில்லை. பதிந்து முடிக்கவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. கேசட் அதன் சொந்தக்காரரோடு போய்விட்டது.

பிறகென்ன... அவர் பதிந்து கொடுத்த ஒவ்வொரு கேசட்டிலும் நான் இருந்தேன். மூன்றாவது பாட்டில், அந்தப் பெட்டி கொஞ்சம் மூச்சு வாங்குகிற இடத்தில். வருகிறவர்களும் "பாய், அந்த வடை கேசட்டு ஒண்ணு" என்றுதான் கேட்டார்கள்.

பந்தல்குடி லாரிகளில் ஓடியது. ரேடியோ செட்டுக்காரர்கள் கல்யாண வீடுகளில் போட்டார்கள். திருச்சுழியில் ஒரு கல்யாணத்தில் என் மாமியார் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, மேலே கட்டின குழாய் ஸ்பீக்கரில் இருந்து நான் பேசியிருக்கிறேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள்.

"ஏன்டி, அடுத்தவுக வீட்டுக் கல்யாணத்துல குழாக் கட்டி வடை விக்கிறியே... கூச்சமா இல்ல?"

வீட்டுக்காரர் பாய்லருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எதிர்க் கடையில் இருந்து பாய்தான் வந்தார்.

"ஆத்தா, ஒங்க மருமக குரலு லாரி ஏறி ஊரூராப் போகுது. சந்தோசப்படுங்க."

"வடை போகுதா? வெறுங்குரலு போயி என்னத்துக்கு?"

அன்று சிரித்த சிரிப்பு...

பாய்க்கு ஒரே ஒரு குறை. பாடினவர்கள் யார் என்று தெரியவில்லை. துபாய், சவூதி என்று ஊருக்கு வருகிற எல்லாரையும் நிறுத்திப் போட்டுக் காட்டுவார். எவருக்கும் தெரியவில்லை.

"ஆரு பாடுனதுன்னு தெரியாமலே வித்துக்கிட்டு இருக்கேன் தங்கச்சி. மவுத்தாப் போறதுக்குள்ள பேரக் கேட்டுரணும்" என்பார்.

கேசட் காலம் போனது. கடை செல்போன் கடை ஆனது. என்னிடம் இருந்த கேசட் நாடா சிக்கி அறுந்தது. பாட்டு மட்டும் வாயில் இருந்தது. அதைப் பாடித்தான், நடுவில் 'வடை ஆறுது' என்பதையும் சேர்த்தே, பேத்தியைத் தூங்க வைத்தேன்.

அந்தப் பேத்தி இப்போது அமெரிக்காவில், டெக்சாஸில் படிக்கிறாள். நான் அஞ்சாவது. அவள் எத்தனையாவது என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு பாட்டுக் கடையில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அப்பத்தா, இங்க ஒன் பாட்டு ஓடுது. மூணாவது பாட்டு வந்துச்சு... நீ மட்டும் வரல."

அந்தப் பழைய ஆல்பத்தைச் சுத்தம் செய்து, புது அட்டை போட்டு, மறுபடி வெளியிட்டிருக்கிறார்களாம். பாடினவர்கள் அங்கேயே மெக்சிகோ எல்லைப்பக்கத்து ஆட்கள். மெக்சிகோ பாஷையையும் இங்கிலீஷையும் கலந்து பாடுவார்களாம், நாம் பேசுகிற மாதிரி. பாட்டைப் போனுக்கு அனுப்பினாள்.

நான் முழுசாகக்கூடக் கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன். பாளையம்பட்டியில் அவர் வீட்டில் பாய் படுக்கையாகக் கிடந்தார். தள்ளிப்போட முடியாது என்று தெரியும்.

விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்தார். "பேரு?"

எனக்கு வாயில் நுழையவில்லை. பேத்தியையே போனில் சொல்ல வைத்தேன். இரண்டு முறை தப்பாகச் சொல்லிப் பார்த்து, மூன்றாவதில் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பேருதான். ஆனா வடை கேசட்டுன்னாத்தான் விக்கும்."

பாட்டைப் போட்டேன். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது. "பின்னாடி கை தட்டுறாக பாரு... இத்தன வருசம் இவுக எங்க ஒளிஞ்சிருந்தாக?" என்றார்.

மூன்றாவது பாட்டு. அந்த இடம் வந்தது. பெட்டி மூச்சு வாங்கியது. பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சுற்றிலும் அவர் வீட்டு ஆட்கள். எனக்குக் கூச்சம்.

"என்ன தங்கச்சி, வாயில கொழுக்கட்டையா? பாட்டு போகுதுல்ல."

அவர் மகள் பாட்டைத் திரும்ப வைத்தாள். இந்தத் தடவை விடவில்லை. சரியான இடத்தில் சொன்னேன்.

பாய் கட்டிலைத் தட்டினார். "இப்பத்தான் பாட்டு சரியா இருக்கு."

இன்று போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். அமைதியாக இருந்தார்.

போயிட்டு வாங்க பாய். அந்த இடம் வரும்போது நான் சொல்லிக்கிறேன்.