ஸ்மில்யாவின் இடது கை

கல்யாணமாகி வந்த முதல் கோடையிலேயே ஸ்மில்யா டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கணவன் ரதிவோய்க்கு முதுகு சரியில்லை. அரை நாள் உழுதால் மறுநாள் கட்டிலை விட்டு எழ மாட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். அதோடு சரி, அந்த இருக்கை அவளுடையதாகிவிட்டது. லைசென்ஸ் மட்டும் ரதிவோயின் சட்டைப்பையில் இருந்தது. பனாட் சமவெளியில் பல வீடுகளில் அப்போது அப்படித்தான். பழைய போலீஸ்காரர்கள் அவளைப் பார்த்தால் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்களே தவிர, லைசென்ஸ் எங்கே என்று கேட்டதில்லை.

அந்தச் சிவப்பு டிராக்டருக்குக் கேபின் கிடையாது. தலையில் நீலப் பூப்போட்ட முக்காடு, இருக்கைக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி, மடியில் வறுத்த சூரியகாந்தி விதை. வயலிலிருந்து தார் ரோட்டில் ஏறும்முன் இறங்கிச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றை மண்வெட்டியால் சுரண்டிப் போடுவாள். "மழை பெஞ்சா வழுக்கும். எவனாவது பிள்ளைகுட்டிக்காரன் வருவான்" என்பாள். பிறகு ஏறி, விதைத் தோலைத் துப்பியபடி கிகிந்தா நகரத்துக்குப் போகும் ரோட்டில் மெதுவாகப் போவாள்.

குறுகலான ரோடு. வண்டிகள் வலப்பக்கமாகப் போகும் நாடு அது. இருபுறமும் முசுக்கட்டை மரங்கள், அதற்கப்பால் ஆளுயர மக்காச்சோளம். டிரெய்லர் நிறைய வைக்கோல் கட்டுகளோடு ஒரு டிராக்டர் முன்னால் போனால், பின்னால் வரும் காருக்கு வைக்கோலைத் தவிர எதுவும் தெரியாது. எதிரே வண்டி வருகிறதா என்பது டிராக்டர் மேல் இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் அந்த ரோட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டிராக்டர்காரர் வலது சக்கரங்களை மண்ணில் இறக்கி, இடது கையை வெளியே நீட்டி, 'வா, போ' என்று வீசுவார். பின்னால் வருபவர் முந்திப் போவார். போகும்போது ஹாரனை ஒருமுறை செல்லமாகத் தட்டுவார். அதுதான் நன்றி.

எல்லோருடைய கையையும் எல்லோரும் நம்பிவிட மாட்டார்கள். ஸ்மில்யாவின் கையை நம்பினார்கள். அவள் வீசிவிட்டால் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரொட்டி வேன் ஓட்டும் லாசா, கடையில் எல்லோர் முன்னாலும் சொல்வான்: "எங்கம்மா சொன்னாக்கூட ஒருதரம் யோசிப்பேன். ஸ்மில்யாக்கா கை அசைஞ்சா, கண்ண மூடிக்கிட்டு மிதிச்சிருவேன்."

"கண்ண மூடாதடா. ரொட்டியில கல்லு வர்றதே அதனாலதானோ என்னமோ" என்பாள் அவள். ஆனால் முகம் பூரித்துப்போகும். அவளைப் பற்றி ஊரில் யாரும் பெருமையாகச் சொன்னது அந்த ஒன்றுதான்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது ரதிவோய் இறந்தான். அவன் இறந்த அந்த வசந்தத்தில், ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் அவளை ரோட்டில் நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். அபராதம் எழுதிவிட்டு, "அடுத்த தடவை டிராக்டரையே எடுத்துட்டுப் போயிருவோம்மா" என்றார்.

நோவிசாத் நகரத்தில் குடியிருந்த மகள் பிலியானா, அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்து அழாத குறையாகப் பேசினாள்.

"நெலத்த குத்தகைக்கு விட்றலாம்மா. பக்கத்து நெலத்துக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ எங்கூட வந்துரு. அஞ்சாவது மாடி, லிப்ட் இருக்கு, வெந்நீர் வருது."

"அஞ்சாவது மாடியில நான் என்னடி பண்ணுவேன்?"

"சும்மா இரு. இத்தன வருஷம் ஒழச்சது போதாதா?"

ஸ்மில்யா காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கினாள். சும்மா இருப்பது என்றால் எப்படி என்று அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "மக்காச்சோளம் அறுக்கறதுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டேன்னா நெலம் எங்கிட்ட இருக்கட்டும். வாங்கலன்னா நீ சொன்ன எடத்துல கையெழுத்துப் போடறேன்" என்றாள். பிலியானா ஒப்புக்கொண்டாள். அம்மா தேற மாட்டாள் என்றுதான் நினைத்தாள்.

எழுத்துத் தேர்வில் ஸ்மில்யா தேறிவிட்டாள். ஓட்டும் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள்.

ஓட்டுநர் பள்ளியின் டிராக்டர், பின்னால் டிரெய்லர். தேர்வாளர் ஒப்ராத் மட்கார்டின் மேலிருந்த சின்ன இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். நகரத்தைத் தாண்டியதும் பின்னால் மூன்று கார்கள் சேர்ந்தன. எதிரே ரோடு காலி. ஸ்மில்யா யோசிக்கவே இல்லை. வலது சக்கரங்கள் மண்ணில் இறங்கின, இடது கை வெளியே போனது. மூன்று கார்களும் முந்திப் போயின, மூன்றும் ஹாரன் தட்டின. நல்ல காரியம் செய்த முகத்தோடு அவள் ஒப்ராத்தைப் பார்த்தாள்.

"நிறுத்துங்கம்மா," என்றார் அவர். "இது தேறாது."

"ஏன் சார்? இடிக்கலியே! வழிதானே விட்டேன்?"

"வழி விட்டது சரி. கை காட்டுனது தப்பு. நீங்க என்ன போலீஸா?"

"எதிர்ல ஒண்ணும் வரல சார். எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு வரல. ஒருநாள் குறுக்கு ரோட்டுலேர்ந்து ஒண்ணு வரும். அன்னைக்குப் பின்னாடி இருக்கறவன் ரோட்டப் பாத்திருக்க மாட்டான். உங்க கையத்தான் பாத்திருப்பான்."

அவளுக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கோழிகளிடம் அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தாள். கடையில் செய்தி பரவ, லாசா விழுந்து விழுந்து சிரித்தான். "கை நீட்டுனதுக்காக பெயிலான மொத ஆளு நீதான்க்கா! நானா இருந்தா அந்தக் கைக்குத் தனியா ஒரு லைசென்ஸ் குடுத்திருப்பேன்."

இரண்டாவது தேர்வு செப்டம்பர் கடைசியில். மக்காச்சோளம் வெளுத்து, அறுப்புக்குத் தயாராக நின்றது. இதிலும் தவறினால் அடுத்த தேர்வுக்கு முன் அறுப்பு முடிந்துவிடும். பிலியானா குத்தகைப் பேச்சைத் தொடங்கிவிடுவாள். ஸ்மில்யா ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தாள். விதை கொறிக்கவில்லை. ஒப்ராத் மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கோஷவா என்று அவர்கள் சொல்லும் தென்கிழக்குக் காற்று அன்று காலையிலிருந்தே மூர்க்கமாக அடித்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளத் தாள்கள் கடகடவென்று ஆடின.

பின்னால் ஒரு ஹாரன். கண்ணாடியில் பார்த்தாள். லாசாவின் வெள்ளை வேன். நீல முக்காட்டைப் பார்த்ததுமே அவனுக்கு யார் என்று தெரிந்துவிட்டது. மறுபடியும் ஹாரன். அவன் எப்போதும் அவசரத்தில்தான் இருப்பான். அவளுடைய இடது கை துடித்தது. அவள் அதை ஸ்டீயரிங்கிலேயே வைத்திருந்தாள். 'மன்னிச்சுக்கடா' என்று மனதுக்குள் சொன்னாள்.

அப்போது காற்று ஒரு அடி அடித்தது. முக்காட்டின் முடிச்சு அவிழ்ந்து, துணி கண்ணை மறைத்தது. இடது கையால் பிடித்து விலக்கினாள். துணி பறக்கப் பார்த்தது. அதே கையை வெளியே நீட்டி எட்டிப் பிடித்தாள். பிடித்துவிட்டாள்.

லாசா கையைப் பார்த்தான். வேனை எடுத்தான்.

எதிரே வளைவிலிருந்து தானிய லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. ஸ்மில்யா மேலிருந்து அதைப் பார்த்தாள். பக்கத்தில் வேனின் மூக்கு தெரிந்ததையும் பார்த்தாள். முக்காட்டை விட்டுவிட்டாள். டிராக்டரை முழுதாக ரோட்டை விட்டு இறக்கினாள். மண், புல், சரிவு. மட்கார்டின் கம்பியை ஒப்ராத் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். டிரெய்லர் ஒரு மரத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. அவள் விட்ட இடத்துக்குள் வேன் புகுந்தது. லாரி நீளமாக அலறிக்கொண்டு கடந்து போனது.

பிறகு காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

லாசா வேனை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "நீதானேக்கா கை காட்டுன! நீ காட்டலன்னா நான் ஏன் வரப்போறேன்?"

"காட்டலடா. முக்காடு பறந்துச்சு."

"கைய நீட்டுனியே!"

"முக்காட்டப் புடிச்சேன்டா பாவி!"

அவன் அவளுடைய வெறும் தலையைப் பார்த்தான். கீழே புல்லில் உட்கார்ந்துவிட்டான். அந்த நீல முக்காடு தூரத்தில் மக்காச்சோளத் தாளில் மாட்டிக்கொண்டு படபடத்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

ஸ்மில்யா என்ஜினை அணைத்தாள். "எழுதிக்கங்க சார். தேறலன்னு."

ஒப்ராத்தின் கைகள் இன்னும் கம்பியை விடவில்லை. "இல்லம்மா," என்றார். "நீங்க கை காட்டல. நான் பாத்தேன். ஆபத்துக்கு ரோட்ட விட்டு இறங்கறது தப்பில்ல. நீங்க இறங்கலன்னா அவன் இல்ல. நீங்க தேறிட்டீங்க."

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. புல்லில் உட்கார்ந்திருந்த லாசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"அவன் கண்ண மூடிக்கிட்டுத்தான் சார் வந்தான். வெளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "இத்தன வருஷமா மூட வெச்சது நான்தான்."

நிலம் அவளிடமே இருந்தது. அந்த மக்காச்சோளத்தை அவளே அறுத்து, அவளே கொண்டுபோய்க் கொட்டினாள். ஆனால் அந்தக் கை அதற்குப்பின் வெளியே வரவில்லை. பின்னால் வண்டிகள் சேர்ந்தால், அகலமான இடம் வரும்வரை போவாள். அங்கே ஒதுங்கி, முழுதாக நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்து நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். போகிறவர்கள் தங்கள் கண்ணால் பார்த்துப் போகட்டும். ஊர் அதை அவ்வளவு எளிதில் மன்னிக்கவில்லை. "லைசென்ஸ் வந்ததும் கை கனத்துப்போச்சு" என்றார்கள். "கை வீச எவ்வளவு கேக்கறீங்கம்மா?" என்று ஒருவன் காரிலிருந்து கத்திக்கொண்டே போனான். அவள் விதைத் தோலைத் துப்பினாள். நான்கைந்து பேர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியபோது மட்டும், ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை என்று மகளிடம் போனில் சொன்னாள்.

லாசாவும் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசவில்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வான். பனி உருகிய சமயத்தில் ஒருநாள், அவளுடைய டிராக்டருக்குப் பின்னால் வந்தவன் ஹாரன் அடிக்காமல், அவள் ஒதுங்கும்வரை பின்னாலேயே ஊர்ந்து வந்தான். கடக்கும்போது ஜன்னலை இறக்கி, "ரொட்டி ஆறிப்போச்சுக்கா, பரவால்லியா?" என்று கேட்டான். "ஆறுனாத்தான்டா வெட்ட வரும்" என்றாள்.

அதன்பிறகும் பதினான்கு அறுவடைகள் அவள் அந்த ரோட்டில் போனாள், வந்தாள். இந்த பிப்ரவரியில் ஒரு காலை, அடுப்பு மூட்டிவிட்டுக் கட்டிலில் படுத்தவள் எழவில்லை.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, அந்த ரோட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. மலர் வளையங்களை அவளுடைய டிராக்டரிலேயே கொண்டுபோக வேண்டும் என்று பிலியானா லாசாவிடம் கேட்டாள். அவன் தலை நரைத்துப்போயிருந்தது. டிரெய்லரில் வளையங்கள், இறந்தவருக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமைத் தட்டு, அவனே சுட்ட ரொட்டி. பிலியானா மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். சவ வண்டிக்குப் பின்னால் அவர்கள் மெதுவாகப் போனார்கள்.

பின்னால் கார்கள் சேர்ந்தன. வெளியூர்க்காரர்கள் போலும், ஒருவர் ஹாரன் அடித்தார். எதிரே ரோடு கண்ணுக்கெட்டிய தூரம்வரை காலியாக இருந்தது. லாசாவின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டு மேலெழுந்ததைப் பிலியானா பார்த்தாள். ஒரு விநாடி அப்படியே நின்றது. பிறகு இறங்கி, பழைய இடத்தில் பிடித்துக்கொண்டது.

முசுக்கட்டை மரங்கள் விலகும் அகலமான இடம் வந்ததும் அவன் டிராக்டரை ஒதுக்கி நிறுத்தினான். சவ வண்டியும் சற்றுத் தள்ளி நின்று காத்திருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக, எட்டிப் பார்த்து, கடந்து போயின. கடைசிக் கார் போகும்வரை அவன் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"போலாமா?" என்று பிலியானாவைக் கேட்டான்.

"பாத்துட்டியாண்ணே?"

அவன் திரும்பி, பின்னால் ஒருமுறை நன்றாகப் பார்த்தான். பிறகு கியரைப் போட்டான்.